சிஸ்டரின் மிச்ச அலமாரி

வீட்டில் அவர் பெரியத்தை, கிளினிக்கில் சிஸ்டர். இந்த இரண்டுக்கும் நடுவே அவருக்கென்று இன்னொரு பெயர் இருந்ததையே எல்லாரும் மறந்துபோனார்கள். கிளினிக்கை நடத்திய பெரிய டாக்டர்கூட ஒரு முறை ஏதோ விண்ணப்பத்தில் பெயர் எழுதவேண்டிய இடத்தில் பேனாவை நிறுத்தி, "சிஸ்டர், உங்க பேரு என்ன?" என்று கேட்டாராம். பெரியத்தையும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாராம். யோசித்தார் என்பது அவர் கணவரின் கூற்று. பெரியத்தை அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கிளினிக்குக்கு ஒரு பக்கம் பேக்கரி, மறுபக்கம் தையல்கடை. காலையில் ரொட்டி வேகும் வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் வாசலில் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். காத்திருக்கும் அறையின் பெஞ்சுகள் பல வருடத்து முதுகுகள் பட்டு வழுவழுத்துப் போயிருந்தன. எதிர்ச்சுவரில் கண் பரிசோதனை அட்டை. காத்திருந்த நேரத்தில் அதைக் கடைசி வரிவரை எல்லாரும் மனப்பாடம் செய்துவிட்டதால், அந்த அட்டையை வைத்து யாருக்கும் பார்வைக் குறை கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று.

பெரியத்தையின் அண்ணன் பிள்ளைகளுக்கு மாலை நேரத்து வீடு அதுதான். தாய், தந்தை இருவரும் வேலையிலிருந்து திரும்பும்வரை ஊசி அறையின் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். எழுதி முடித்தவருக்குக் காலி ஊசிமருந்து அட்டைப்பெட்டி ஒன்று பரிசு. அந்தப் பெட்டிகளை வரிசையாகக் கோத்து ஓட்டிய ரயில்களின் நீளத்தைப் பற்றி, தலை நரைத்த பிறகும் அவர்களுக்குள் தகராறு தீரவில்லை.

அந்த அறையின் கதவுக்குப் பின்னால்தான் அலமாரி இருந்தது. பச்சை வண்ணம் பூசிய இரும்பு அலமாரி. வலப்பக்கக் கதவை முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினால்தான் திறக்கும். முதலில் அதில் துண்டுகளும் போர்வைகளும் மட்டுமே இருந்தன. அதன் சரித்திரம் மாறியது, அங்கே வெகுகாலம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஸ்டேஷன் மாஸ்டர் இறந்த பிறகு. அவர் மனைவி ஒரு துணிப்பையோடு வந்து, ஊசி அறை வாசலிலேயே நின்றார். பை நிறைய மாத்திரைகள்.

"தூக்கிப் போட மனசு வரல சிஸ்டர். வீட்டுல வச்சா கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு. நீங்களே வச்சுக்குங்க."

பெரியத்தை வாங்கிக் கீழ்த்தட்டில் வைத்தார். அதற்கு அடுத்த சில நாட்களில், டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை மருந்துக்கடைப் பக்கமே கொண்டுபோகாமல், நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு நடந்த ஒருவரை அவர் கண் பிடித்துவிட்டது. கூப்பிட்டுச் சீட்டை வாங்கிப் பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டர் விட்டுப்போன அதே மாத்திரை. தொடங்கியது இப்படித்தான்.

விஷயம் வாய்வழியாகப் பரவியது. குணமானவர்கள் மீந்ததைக் கொண்டுவந்தார்கள். மருந்து மாற்றப்பட்டவர்கள் பழையதைக் கொண்டுவந்தார்கள். கண்ணை மூடியவர்களின் வீட்டார், பேசாமல் வந்து வைத்துவிட்டுப் போனார்கள். பெரியத்தை எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துத் தேதி பார்த்து, காலாவதியானதைக் கழித்து, மற்றதை அட்டையிலிருந்து பிரித்து, காலிப் பால்பவுடர் டப்பாக்களில் வகைபிரித்துப் போட்டார். ஓவிய வாத்தியாரான அவர் கணவர் டப்பாக்களுக்குப் படம் வரைந்து கொடுத்தார். இருதயத்துக்கு இருதயம், பிரஷருக்குப் பாதரசக் குழாய், சர்க்கரைக்குக் கரண்டி. இருமல் டப்பாவில் வாயைப் பிளந்துகொண்டிருந்த மனிதர், வாத்தியாருடைய தலைமையாசிரியரின் அச்சாக அமைந்துவிட்டார். தலைமையாசிரியர் ஒரு நாள் இருமிக்கொண்டே வந்து, அந்த டப்பாவை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மூக்கு மட்டும் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

பெரிய டாக்டருக்கு அலமாரி தெரியும். தெரியாது என்றும் வைத்துக்கொள்ளலாம். சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டு, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். அந்த முகம் எப்படி இருந்தால் அடுத்த வாக்கியத்தைச் சொல்வார் என்பது அவருக்கே வெளிச்சம். "போகும்போது சிஸ்டரைப் பாத்துட்டுப் போங்க." அந்த வாக்கியத்துக்கு அலமாரி திறக்கும். இதற்கு மேல் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

வருடங்கள் இப்படியே ஓடின. பெரிய டாக்டரின் மகள் படித்து முடித்து, சின்ன டாக்டராக அடுத்த அறையில் வந்து உட்கார்ந்தார். பெரிய டாக்டருக்கே இருதயம் தகராறு செய்ய ஆரம்பித்திருந்தது. பொறுப்பை மகள் கையில் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிட நினைத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் புதிய விதி வந்தது. தனியார் கிளினிக்குகள் அனைத்தையும் அதிகாரிகள் நேரில் வந்து பாதுகாப்பும் தரமும் பார்த்துச் சோதிப்பார்கள், தேறினால்தான் அனுமதி, தேறாவிட்டால் கதவைச் சாத்தவேண்டியதுதான். மகள் பெயரில் அனுமதி கிடைப்பது அந்த ஒரு சோதனையைப் பொறுத்திருந்தது. பெரியத்தைக்கும் அதுவே வாழ்வாயிருந்தது. கிளினிக் மூடிவிட்டால் அவர் வீட்டில் பெரியத்தையாக இருக்கலாம். எங்கே போய் சிஸ்டராக இருப்பது?

சின்ன டாக்டர் விதிகளை வரிவரியாகப் படித்துவிட்டு ஊசி அறைக்கு வந்தார். தீயணைப்பான், குளிர்பெட்டியின் வெப்பநிலை, பழைய ஊசி போடும் மஞ்சள் வாளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், அலமாரி முன்னால் நின்று குரலைத் தாழ்த்தினார். ஒருவருக்குக் கொடுத்த மருந்து திரும்பி வந்தால் இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது. எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்றார். பெரியத்தை, "சரி டாக்டர்" என்றார். அந்தச் சரியில் வாய் மட்டும்தான் இருந்தது.

அன்று வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. டப்பா டப்பாவாகக் கொட்டி அழிக்கச் சொல்கிறார்களே என்று புலம்பினார். வாத்தியார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சோதனை முடியற வரைக்கும் அதுங்கள விருந்தாளியா எங்கயாவது அனுப்பி வையேன்" என்றார். அவர் வேடிக்கைக்குச் சொன்னார். பெரியத்தை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை சோதனை. அதற்கு முன்பே டப்பாக்கள் நம்பிக்கையானவர்களின் வீடுகளுக்கு விருந்து போய்விட்டன. இருமல் டப்பா பேக்கரிக்காரரிடம். பிரஷரும் சர்க்கரையும் தையல்காரரிடம். இருதயம் தலைமையாசிரியர் வீட்டில். எல்லாருக்கும் ஒரே உத்தரவு: வியாழன் முடியட்டும், வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுவாருங்கள். பெரியத்தை அலமாரியைத் துடைத்து, தட்டுகளில் புதுக் காகிதம் விரித்து, துண்டுகளை மட்டும் அடுக்கி வைத்தார். சின்ன டாக்டர் திறந்து பார்த்துவிட்டு, தோளைத் தொட்டு, "கஷ்டமாத்தான் இருந்திருக்கும் சிஸ்டர்" என்றார். அந்தக் கை பட்ட இடம் அன்று முழுக்கச் சுட்டது என்று பெரியத்தை பிற்காலத்தில் சொன்னதுண்டு.

வியாழக்கிழமை வந்த ஆய்வாளர் பெரியத்தையின் வயதுக்காரர். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. அதிகம் பேசாதவர். எதைப் பார்த்தாலும் கையால் தொட்டும் பார்ப்பவர். தீயணைப்பானின் பூட்டு ஊசியை அசைத்துப் பார்த்தார். கழிவறைக் குழாயைத் திறந்து மூடினார். கண் அட்டையின் முன் நின்றவர், கடைசி வரியை ஒரு நோயாளி பாராமலே ஒப்பிப்பதைக் கேட்டு, வேறு அட்டை மாட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பொழுது சாய்ந்துவிட்டது. ஊசி அறையை மட்டும் நாளைக் காலையில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

டப்பாக்கள் திரும்புவதும் நாளைக் காலையில்தான். பெரியத்தை பேக்கரிக்கு ஓடினார். பேக்கரிக்காரர் கடையைச் சாத்திவிட்டு மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தார். தையல்கடையும் பூட்டியிருந்தது, அவர் வீடு எந்தத் தெருவில் என்பது பெரியத்தைக்கு அன்றுவரை தேவைப்பட்டதே இல்லை. தலைமையாசிரியரை மட்டும் வாத்தியார் சைக்கிளில் போய்ப் பிடித்து நிறுத்தினார். மற்றவர்கள் சொன்ன சொல் தவறாதவர்கள் என்பதுதான் இப்போது கவலையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆய்வாளர் ஊசி அறைக்குள் வந்து, மஞ்சள் வாளியையும் குளிர்பெட்டியையும் பார்த்துவிட்டு, பச்சை அலமாரிக்கு வந்தார். கதவை இழுத்தார், வரவில்லை. பெரியத்தை பழக்கதோஷத்தில் முழங்காலால் தட்டினார், திறந்தது.

"இவ்வளவு பெரிய அலமாரில நாலு துண்டுதானா? இதுல வேற என்ன வைப்பீங்க?"

பெரியத்தை பதிலுக்கு வாயெடுக்கும் முன்பே காத்திருக்கும் அறையிலிருந்து பேக்கரிக்காரரின் குரல் கேட்டது. மாவு பிசையும் இயந்திரத்தோடு போட்டியிட்டுப் பழகிய குரல். "சிஸ்டர், இருமல் டப்பா கொண்டாந்திருக்கேன். பழைய எடத்துலயே வச்சிடட்டா?"

அவர் பின்னாலேயே தையல்காரர், இரண்டு கைகளிலும் இரண்டு டப்பாக்களோடு, அளவுநாடா கழுத்தில் தொங்க வந்து நின்றார். சின்ன டாக்டரின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. ஆய்வாளர் டப்பாக்களில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவை யாருடையவை என்று கேட்டார். பேக்கரிக்காரர் கூரையைப் பார்த்தார். தையல்காரர்தான் துணிந்தார்.

"எல்லாம் என்னோடதுதாங்க."

"பிரஷர், சக்கரை, இருமல், மூணுமா?"

"ஆமாங்க. எனக்கு உடம்புல இல்லாத வியாதியே இல்லீங்க."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. மேசைமேல் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து, பிரஷர் டப்பாவைத் திறந்து மெதுவாகச் சரித்தார். தையல்காரருக்கு அந்த அமைதி ஒத்துவரவில்லை. தன் பொறுப்பைத் தான் எவ்வளவு சீராகச் செய்தோம் என்பதையாவது சொல்லிவைக்கலாம் என்று நினைத்தார் போலும். டப்பாக்கள் துணி வெட்டும் மேசையிலிருந்து விழுந்து இரண்டும் ஒன்றாகக் கொட்டிவிட்டன என்றார். ஆனால் கவலை வேண்டாம். தானே உட்கார்ந்து, பொத்தான் பிரிக்கிற மாதிரி, நிறம் பார்த்து, அளவு பார்த்து, ஒன்றுகூட விடாமல் பிரித்து வைத்துவிட்டதாகச் சொன்னார்.

அந்த அறையில் இருந்த ஐந்து பேரில் பெருமைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆய்வாளர் இரண்டு சிறிய வெள்ளை மாத்திரைகளை எடுத்துப் பெரியத்தையின் உள்ளங்கையில் வைத்தார். "இதுல எது பிரஷர், எது சக்கரை? சொல்லுங்க சிஸ்டர்."

பெரியத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். மாத்திரைகளைப் புரட்டினார். இரண்டும் ஒரே அளவு. இரண்டிலும் நடுவே ஒரு கோடு. எத்தனையோ வருடங்களாக அவர் கை இந்த டப்பாக்களுக்குள் போய்வந்திருக்கிறது. டப்பாவில் இருந்த படத்தைத்தான் அந்தக் கை அறிந்திருந்தது, மாத்திரையை அல்ல. அவர் திரும்பியபோது ஆய்வாளரைப் பார்க்கவில்லை, தையல்காரரைப் பார்த்தார்.

"இதுலேந்து யாருக்காவது குடுத்தீங்களா?"

"அம்மாவுக்குத்தான். காலைல எப்பவும் போடற பிரஷர் மாத்திரை."

சர்க்கரை மாத்திரை மாறிப் போயிருந்தால் ரத்தத்தில் சர்க்கரை விழுந்துவிடும். பெரியத்தை தேநீருக்கு வைத்திருந்த சர்க்கரைப் புட்டியைக் கையிலெடுத்துக்கொண்டார். செருப்பு மாட்ட நேரமில்லை. சின்ன டாக்டர் பையைத் தூக்கினார். தையல்காரர் சைக்கிளை எடுக்க ஓடியபோது ஆய்வாளர் தடுத்து, "ஜீப்புல ஏறுங்க" என்றார். கிளினிக்கை மூடும் அதிகாரம் படைத்த வண்டியில், கிளினிக்கின் குற்றத்தைத் தேடி நால்வரும் போனார்கள்.

தையல்காரரின் தாய் கட்டிலில் வியர்த்து நனைந்து கிடந்தார். விரல்கள் நடுங்கின. மகனை யாரென்று கேட்டார். பெரியத்தை அவரை நிமிர்த்தித் தன் மேல் சாய்த்துக்கொண்டு, சர்க்கரைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். சின்ன டாக்டர் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். ஆய்வாளர் வாசற்படியில் நின்றிருந்தார். நெடுநேரம் போல இருந்த கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, மகனைப் பார்த்து, "கடைய விட்டுட்டு இங்க என்ன பண்றே?" என்று கடிந்துகொண்டார். பெரியத்தை அப்போதுதான் அழுதார்.

அந்த அம்மாளைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்து, நாள் முழுக்கப் படுக்கவைத்து ரத்தம் சோதித்தபடி இருந்தார்கள். மாலையில் அவர், இந்தக் கிளினிக்கில் தேநீர் வாயில் வைக்க முடியவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் சின்ன டாக்டர் உட்கார்ந்தார்.

ஆய்வாளர் பெரிய டாக்டரின் அறையில் காத்திருந்தார். பெரியத்தை நேரே போய், டப்பாக்களை வெளியே அனுப்பியது தான்தான் என்றும், இரண்டு டாக்டர்களுக்கும் அது தெரியாது என்றும் சொன்னார். பெரிய டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அனுப்பினது தெரியாது. ஆனா சிஸ்டரைப் பாத்துட்டுப் போங்கன்னு சொல்லி, அந்த அலமாரிய இத்தனை வருஷமா வளத்தது நான்தான். அதையும் எழுதிக்குங்க." இருவரும் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டையும் எழுதிக்கொள்கிறேன், சண்டை போடாதீர்கள் என்று ஆய்வாளர் சொன்னதாக வாத்தியார் சொல்வார். சொல்லவில்லை, எழுத மட்டும் செய்தார் என்பது சின்ன டாக்டரின் நினைவு. எழுந்து கிளம்பும்போது ஆய்வாளர் பெரியத்தையிடம் சொன்னதில் மட்டும் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

"நல்ல மனசோட குடுத்ததுங்கறது மாத்திரைக்குத் தெரியாது சிஸ்டர்."

அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. மருந்துகளை முறைப்படி அழித்து, மருந்துகளைக் கையாளும் பயிற்சியைச் சிஸ்டர் முடித்த பிறகு மறுசோதனை என்று உத்தரவு வந்தது. பெரியத்தை டப்பாக்களைத் தானே கொண்டுபோய் ஒப்படைத்தார். பிறகு அலமாரிச் சாவியைச் சின்ன டாக்டரின் மேசைமேல் வைத்து, மறுசோதனைக்குத் தான் இங்கே இல்லாதிருப்பதே கிளினிக்குக்கு நல்லது என்றார்.

சின்ன டாக்டர் சாவியைத் தொடவில்லை. சிறுமியாயிருந்தபோது அந்த ஊசி அறையில் காலிப்பெட்டி ரயில் ஓட்டியவர்களில் அவரும் ஒருவர். "நீங்க போயிட்டா அந்தக் கதவ யாரு தட்டித் திறக்கிறது?" என்றார். "மாத்திரைதான் கூடாது. அலமாரி கூடாதுன்னு யாரும் சொல்லலையே." மாத்திரை வாங்க வழியில்லாதவர்களுக்காக அவர் மொத்த வியாபாரியிடம் பேசி, பிரிக்காத அட்டைகளாகக் குறைந்த விலைக்குத் தரச் செய்தார். எல்லாருக்கும் அது எட்டவில்லை. முன்பு அலமாரியிலிருந்து வாங்கிப்போன சிலர் பிறகு வரவேயில்லை. பெரியத்தை அவர்களை வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

தன்னைவிட எத்தனையோ வயது இளைய பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பெரியத்தை பயிற்சியை முடித்தார். அலமாரி காலியாகவே கிடந்தது. ஒரு நாள் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி, இப்போது நன்றாக வயதாகி, ஊசி அறை வாசலில் அன்று நின்ற அதே இடத்தில் வந்து நின்றார். கையில் கணவரின் கைத்தடி.

"மாத்திரைய அன்னைக்கே குடுத்துட்டேன். இத மட்டும் குடுக்க மனசு வரல. அலமாரி காலியாயிடுச்சுன்னு சொன்னாங்க."

அதன் பிறகு ஊன்றுகோல்கள் வந்தன. கால் எலும்பு கூடியவர்களின் அக்குள்கட்டைகள், நடைச்சட்டம், சக்கர நாற்காலி எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பெரியத்தை ஒவ்வொன்றையும் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, தேவைப்பட்டவருக்கு இரவல் கொடுத்தார். வாத்தியார் கதவில் ஒரு கைத்தடியை வரைந்தார். அதன் வளைந்த பிடி யாருடைய மூக்கை நினைவூட்டுகிறது என்பதை யாரும் வெளியில் சொல்லவில்லை.

மறுசோதனைக்கு அதே ஆய்வாளர் வந்தார். அலமாரியைத் தானே முழங்காலால் தட்டித் திறந்தார். பிறகு தடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாகப் பிடித்து, அடியில் இருந்த ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒன்றைத் தனியே எடுத்துப் பெரியத்தையிடம் நீட்டினார்.

"இதோட ரப்பர் தேஞ்சிருக்கு. மாத்திட்டு அப்புறம் குடுங்க. வழுக்கிடும்."

"சரிங்க" என்றார் பெரியத்தை. இந்தச் சரியில் வாயோடு அவரும் இருந்தார். அனுமதி சின்ன டாக்டரின் பெயருக்கு வந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, முழங்கால் வலித்தபோது, அண்ணன் பிள்ளைகள் புதுக் கைத்தடி வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். பெரியத்தை கேட்கவில்லை. அலமாரியிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டரின் தடியை இரவல் வாங்கிவந்தார். வெளியே கிளம்பும் முன் அதைத் தலைகீழாகத் திருப்பி ரப்பரை அழுத்திப் பார்ப்பது வழக்கமாயிற்று. அவர் காலம் முடிந்த பிறகு, அண்ணன் பிள்ளைகள் அதைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுத்தார்கள். காத்திருக்கும் அறையில் கண் அட்டை மாறியிருந்தது. ஸ்பிரிட் வாசனையும் ரொட்டி வாசனையும் வாசலில் முட்டிக்கொள்வது மட்டும் அப்படியே இருந்தது. நரைத்த தலையோடு சின்ன டாக்டர் எழுந்து வந்து தடியை வாங்கிக்கொண்டார். தலைகீழாகத் திருப்பி, ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நன்றாகவே இருந்தது. கதவை முழங்காலால் தட்டித் திறந்து உள்ளே வைத்தார்.